கேம்ப்பில் குடியிருந்தவர்கள்

(ராமநாதபுரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ராமேஸ்வரம் ரயிலில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மண்டபம் என்று ஒரு ஸ்டேஷன். மண்டபம் கேம்ப் என்று இன்னொரு ஸ்டேஷன். நம் ஊர்ப் பேச்சில் அது வெறும் ‘கேம்ப்’. கேம்ப் ஆஸ்பத்திரி, கேம்ப் கடை என்று சொல்லிச் சொல்லி அது ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. யாருக்காகப் போட்ட கேம்ப் என்று கேட்டால் ‘அகதிகளுக்கு’ என்பார்கள். அகதிகள் கடைசியாக வந்த குடித்தனக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே தங்கியவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். அதற்கு முன் தூத்துக்குடி வழியாக இலங்கைக்குப் போன தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, நம் சேதுச் சீமை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்தெல்லாம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கிளம்பி வந்த சனம். ‘கண்டிக்குப் போறோம்’ என்பார்கள். தேயிலை மலை முழுவதுக்கும் அவர்களிடம் அந்த ஒரு பெயர்தான்.

காலராவும் பிளேக்கும் கூடவே வந்துவிடுமோ என்று இலங்கை அரசு பயந்தது. அதனால் கடல் தாண்டும் முன்பே, நம் மண்ணிலேயே, தன் செலவில் தன் அதிகாரிகளை வைத்து இந்த முகாமை நடத்தியது. நான் படித்தவரை இதுதான் விசித்திரம்: இலங்கைக்குள் நுழையும் வாசல் மண்டபத்தில் இருந்தது. வந்தவர்களுக்கு அம்மை குத்துவார்கள், துணிமணியை ஆவியில் வைத்து எடுப்பார்கள், சில நாள் வைத்திருந்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகு ரயிலேற்றுவார்கள்.

அந்தக் காலத்துத் தகர டிக்கெட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகரத்தில் வெட்டிய சின்ன வில்லை அது. அதில் எண்களைக் குத்தியிருப்பார்கள்: ஒன்று தோட்டத்தின் எண், மற்றொன்று ஆளின் எண். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். ரயில் கூலி, கப்பல் கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்கு அந்த வில்லை போதும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தன் நெஞ்சில் தொங்கும் எண் என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே கடல் தாண்டியிருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1939-ல் இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. அப்புறம், சுதந்திரத்தையொட்டி, கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்ப்பைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போனாலும் நிலையத்தின் கிளை இங்கேயே இருக்கிறது.

ஆனால் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் முடிவு செய்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. பாட்டன் கப்பலேறிய துறையே இல்லாததால், பேரன் ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினான். இறங்கியவர்களை அழைத்துப் போன இடம் அதே மண்டபம் முகாம்! பாட்டனுக்குத் தகர வில்லை. பேரனுக்குக் குடும்ப அட்டை. அங்கிருந்து நீலகிரித் தேயிலைக்கு, குமரி ரப்பருக்கு, நூற்பாலைகளுக்கு என்று பிரித்து அனுப்பினார்கள். இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த மண் எப்படி இருந்திருக்கும்? குளிர் மலையிலிருந்து வந்தவர்கள் முதலில் மிதித்தது நம் கடற்கரையின் கொதிமணலை.

1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள். மன்னார், யாழ்ப்பாணம், வவுனியா என்று படகில் வந்து கரையேறியவர்களைப் பதிவு செய்து, சிலரை இங்கே வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தமிழ்நாடு முழுவதும் உள்ள முகாம்களுக்கு அனுப்பினார்கள். 2021-லிருந்து அரசு இவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறது. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, கைக்குழந்தையோடு தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் இறங்கியவர்களுக்கும் இடம் கொடுத்தது இதே கேம்ப்தான். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நூறு வருஷமாக மாறாதது ஒன்று: அங்கே தங்கிய யாரையும் அந்த இடம் சொந்தக்காரராக எழுதிக்கொள்ளவில்லை.

கோட்டை கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்தச் சனத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட நம் கையில் இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், பாட்டியின் சுருக்குப் பையில், ஒரு தகர வில்லையோ பழைய குடும்ப அட்டையோ ஒரு கப்பல் சீட்டோ இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படம் எடுத்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருகிறோம். கூடவே அது யாருடையது, எந்த ஊரிலிருந்து போனார், யார் கூடப் போனார் என்பதையும் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பேன்.