பாதிப் பெயரோடு படைக்குப் போனவர்

வணக்கம் நேயர்களே. மெல்பன் போர் நினைவகத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே ஒரு சின்ன வெண்கலச் சிலை உண்டு. கழுதைமேல் காயம்பட்ட ஒருவன். சரிந்து விழாமல் அவனைத் தாங்கிக்கொண்டு பக்கத்திலேயே இன்னொருவர்.

அவர்தான் ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக். இந்த நாட்டில் பிறந்தவர் அல்ல. வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்துப் பிள்ளை. சிறுவயதில் அங்கே கடற்கரையில் கழுதைச் சவாரி விட்டவர். 1910-இல் கப்பல் வேலையாக நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலுக்கு வந்தார். கரையில் இறங்கியவர் கம்பி நீட்டிவிட்டார்! அப்புறம் கரும்பு வெட்டினார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டார். எங்கே இருந்தாலும் அம்மாவுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. நம்மில் பலருக்கு இது வீட்டுக் கதை.

1914 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் படையில் சேர்ந்தபோது கிர்க்பாட்ரிக்கை விட்டுவிட்டு, சிம்ப்சன் என்று மட்டும் பதிந்தார். கப்பலை விட்டு ஓடியவராயிற்றே! படையோடு போனால் இங்கிலாந்து போய்ச் சேரலாம், அம்மாவைப் பார்க்கலாம் என்ற நினைப்பும் இருந்தது. ஆனால் படையை எகிப்தில் இறக்கினார்கள். அங்கிருந்து கலிபோலி, முதல் உலகப் போரில் துருக்கியரோடு சண்டை நடந்த துருக்கித் தீபகற்பம்.

1915 ஏப்ரல் 25 அன்று கரையேறினார். ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலை. ஒரு ஸ்ட்ரெச்சருக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அங்கே சுற்றித் திரிந்த ஒரு கழுதையைப் பிடித்ததும் அவருக்கு மற்ற ஆள் தேவைப்படவில்லை. காலில் குண்டு பட்டவர்களை அதன்மேல் ஏற்றி, துருக்கியர் மறைந்திருந்து சுடும் பள்ளத்தாக்கு வழியே கடற்கரைக்குக் கூட்டிவந்தார். பழகிய தொழில்தானே.

சொந்தப் பிரிவை விட்டு, இந்திய மலைப் பீரங்கிப் படையின் கோவேறு கழுதைக்காரர்களோடு தங்கினார். அவர்கள் அவரை 'பகதூர்', அதாவது வீரன், என்று கூப்பிட்டார்களாம்.

முந்நூறு பேரைக் காப்பாற்றினார் என்பார்கள். எனக்கு அது இடிக்கிறது. அவர் அங்கே இருந்ததே 24 நாள். எண்ணி எழுதி வைத்தவரும் இல்லை. கை கடுக்க ஸ்ட்ரெச்சர் தூக்கிய மற்றவர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள். கழுதை இல்லாததால் அவர்கள் கண்ணில் படவில்லை.

மே 19 காலை, இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 22. கலிபோலிக் கடற்கரைக் கல்லறையில் இருக்கிறார். விட்டுவிட்டு வந்த கிர்க்பாட்ரிக்கையும் அந்தக் கல்லில் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள்.