இயந்திரத்துக்கு வெளியே ஆகும் செலவு

(உலகச் சிறுநீரக நாளையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, செவிலியர்களே, நோயாளிகளே, அவர்களோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பின்வரிசையைத் தனியே அழைத்ததற்குக் காரணம் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு உதவ வேண்டும் என்றவுடன் கொடையாளர்களின் மனத்தில் முதலில் தோன்றுவது இயந்திரம். ‘எங்கள் தந்தையார் நினைவாக ஓர் இயந்திரம் வாங்கி வையுங்கள்’ என்று மனமுவந்து வருகிறார்கள். அந்த நல்ல உள்ளங்களால்தான் ரத்தத்தை இயந்திரத்தால் தூய்மைப்படுத்தும் எங்கள் அறக்கட்டளையின் டயாலிசிஸ் கூடம் இன்றும் இயங்குகிறது. ஆனால் அதன் கணக்கேடுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. எங்களிடம் வரும் ஏழை நோயாளிகளில் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் டயாலிசிஸ் கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்தவில்லை. அதைச் சுற்றியிருக்கும் செலவுகளைத் தாங்க முடியாமல் நிறுத்தினார்கள்.

நலமாக இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. இரவும் பகலும் ஓயாமல் நடக்கும் அந்த வேலையின் ஒரு பகுதியை, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்ற கணக்கில் இயந்திரம் செய்ய முயல்கிறது. மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் உள்ளே ரத்தம் ஓட, வெளியே தூய்மையாக்கப்பட்ட நீரில் உப்புகளைக் கலந்து தயாரித்த கரைசல் எதிர்த்திசையில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் கரைசல் வேண்டும். அந்த நீரின் தூய்மையில் எந்த அறக்கட்டளையும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது நோயாளியின் ரத்தத்தோடு விளையாடுவதாகும்.

வாரத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 156 முறை. நோயாளியும் துணைக்கு ஒருவரும் போக வர ஒவ்வொரு பேருந்து ஏறினால்கூட ஆண்டுக்கு 624 பயணச்சீட்டு. பேருந்து மாறி வருபவர்களுக்கு அது இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரும் உதவி. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து புறநகர்ப் பேருந்தில் கணவனை அழைத்து வரும் பெண்ணுக்கு அந்தச் சலுகை பயன்படுவதில்லை. டயாலிசிஸுக்காகப் பயணம் செய்பவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பதும், அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும் என்பதும் எங்களிடம் வருபவர்களில் பலருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. இவற்றோடு, துணைக்கு வருபவர் வாரத்தில் மூன்று நாள் கூலியை இழக்கிறார். அந்தக் கூலி எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். 1943இல், நாஜிப் படைகளின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால் நெடுநாள் சிகிச்சை கைகூடவில்லை. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கும் குழாயை உருவாக்கியபோதுதான் அது இயன்றது. 1962இல் அந்நகரில் நன்கொடைகளின் துணையோடு, லாப நோக்கமற்ற டயாலிசிஸ் மையம் தொடங்கப்பட்டது. படுக்கைகளோ மிகச் சில, காத்திருந்தவர்களோ பலர். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய, ஊர்மக்களிலிருந்து ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. நோயாளியின் வருமானம் என்ன, பிள்ளைகள் எத்தனை, தொழில் என்ன என்றெல்லாம் அவர்கள் எடைபோட்டார்கள். அச்செய்தி வெளியானபோது அந்நாட்டு மக்கள் அதிர்ந்தார்கள். 1972இல் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை அரசின் காப்பீட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் அங்கே நிறைவேறியது.

நம் நாட்டில் அப்படி ஒரு குழு இல்லை. அதன் நாற்காலியில் பேருந்துக் கட்டணம் உட்கார்ந்திருக்கிறது என்பதே என் கவலை.

நம் மாநிலம் இத்துறையில் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. 1993இல் சென்னையில் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் முன்னின்று தொடங்கிய, டேங்கர் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சிறுநீரக ஆராய்ச்சி அறக்கட்டளை, கொடையாளர்களின் உதவியால் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் அளித்து, எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு வழி காட்டியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். 2016இல் மத்திய அரசும் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. எனவே, கட்டணம் என்ற கதவு முன்பைவிடப் பெரிதும் திறந்திருக்கிறது. அந்தக் கதவு வரை வந்து சேர்வதற்கு யார் உதவுவது?

என் தமையனார் நான்காண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், ‘இன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நாளை மறுநாள் போய்க்கொள்ளலாம்’ என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். பிறகு அடிக்கடி அப்படிச் சொன்னார். அண்ணியின் கூலி போகிறதே என்றும், பிள்ளைகளின் படிப்புச் செலவு நெருங்குகிறதே என்றும் எண்ணித்தான் அப்படிச் சொன்னார் என்பது, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் மூச்சுக்குத் திணறியபடி அவர் சுவரில் சாய்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்று மருத்துவர்கள் பின்னாளில் விளக்கினார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நோயாளி சொல்லும்போது நான் இப்போதெல்லாம் உடனே மகிழ்வதில்லை. அவர் வீட்டில் என்ன நெருக்கடி என்று விசாரிக்கச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் இதற்காகச் சிலவற்றை வழக்கமாக்கியிருக்கிறோம். குறித்த வேளையில் ஒருவர் வராவிட்டால் அன்று நண்பகலுக்குள் செவிலியர் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்களுக்குப் பயணப்படியைச் சிகிச்சை முடிந்ததும் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். மாத முடிவில் தருகிறோம் என்றால் அடுத்த பேருந்துக்கு அவர்களிடம் பணம் இருக்காது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களை அதிகாலை முறையில் போட்டு, உள்ளூர்க்காரர்களை மாலைக்கு மாற்றியிருக்கிறோம். இதற்கு உள்ளூர் நோயாளிகள் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தது எங்கள் கூடத்தின் பெருமை.

அடுத்தது ஊசி மருந்து. ரத்தம் ஊறத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் சிறுநீரகமே. அது பழுதானால் ரத்தசோகை வருகிறது. அதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசியை வெளியில் விலை கொடுத்து வாங்க நேர்ந்தால், ஏழைக் குடும்பம் முதலில் கைவிடுவது அதைத்தான். ஃபிஸ்டுலாவும் அவ்வாறே. டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்க வசதியாகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் அந்தச் சிறு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, அதற்குப் பதிலாகக் கழுத்தில் பொருத்திய குழாயோடு மாதக்கணக்கில் இருப்பவருக்குத் தொற்று வந்து, காய்ச்சலும் நடுக்கமுமாக மருத்துவமனையில் சேர்ந்தால், அதற்கு ஆகும் செலவு மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்காகும்.

வீட்டிலேயே வயிற்றுக்குள் கரைசலை நிரப்பி வடிக்கும் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் தூய்மையான ஓர் இடமும், கை கழுவத் தண்ணீரும், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஒருவரும் வேண்டும். ஓலைக் குடிசைக்குள் பலகையால் தடுத்து ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால் போதும் என்ற நிலையிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். அந்தப் பலகைக்கும் அறக்கட்டளையில் பணம் இருக்க வேண்டும்.

நோயாளிகள் பெருகிக்கொண்டே போனால் எத்தனை கூடங்கள் திறந்தாலும் போதாது. சென்னைச் சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வழியாக மருத்துவர் எம்.கே.மணி செய்து காட்டிய பணியை இங்கே குறிப்பிட வேண்டும். ஓரளவு படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கவும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றனவா என்று எளிய வேதிப்பொருள்களால் சோதிக்கவும் செய்தார். கண்டறியப்பட்டவர்களுக்கு விலை மலிந்த மாத்திரைகளையே கொடுத்தார். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகம் பழுதாவதற்குத் தலையாய காரணங்கள் என்பதால், அந்த மலிவான மாத்திரை விலையுயர்ந்த இயந்திரத்தின் தேவையையே தள்ளிப்போடுகிறது.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருப்பதைக் காண்பீர்கள். பயணம், ஊசி மருந்து, ஃபிஸ்டுலா, துணைவரின் கூலி என்று நான்கு பக்கங்கள் அதில் உள்ளன. இயந்திரத்துக்கென்று இம்முறை பக்கம் ஒதுக்கவில்லை. ஒரு நோயாளியின் ஒரு மாதப் பேருந்துக் கட்டணத்தை ஏற்பதானாலும் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து வருபவர் என்பதைப் பக்கத்திலேயே குறித்திருக்கிறோம், பெயரைக் குறிக்கவில்லை. நன்றி, வணக்கம்.