குடும்பத்துக்கு ஒரு டென்ட்: காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது?

[காட்சி: மொட்டை மாடி. தரையில் சாக்பீஸால் வரைந்த செவ்வகம்.]

இந்தக் கட்டம் 210 சென்டிமீட்டர் நீளம், 240 சென்டிமீட்டர் அகலம். நாலு பேர் படுக்கலாம் என்று விற்கும் நல்ல டென்ட்டின் தரை கிட்டத்தட்ட இவ்வளவுதான் இருக்கும். ஆளுக்கு 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. மலிவான டென்ட்களில் இதுவும் கிடையாது. 200-க்கு 200 தரையை வைத்துக்கொண்டே பெட்டியில் நாலு பேர் என்று போட்டிருப்பார்கள். அப்போது ஆளுக்கு ஒன்றே முக்கால் அடிகூட வராது.

[காட்சி: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கட்டத்துக்குள் படுக்கிறார்கள்.]

கடைக்குப் போகும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். வாங்க நினைக்கும் டென்ட்டின் அளவைத் தரையில் வரைந்து, குடும்பத்தோடு படுத்துப் பாருங்கள். துணிப் பைகளையும் கால்மாட்டில் வையுங்கள், ஏனென்றால் பனியில் அவற்றை வெளியே விட முடியாது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் இந்த இடம் போதும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பாட்டியும் வருகிறார் என்றால், மூன்று பேர் டென்ட் இரண்டாக வாங்குங்கள். ஒரே பெரிய டென்ட்டைவிடப் பல சமயம் செலவு குறையும். அடிக்கச் சமமான இடம் கிடைப்பதும் சுலபம்.

சரி, இப்போது மழைக்கு வருவோம். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

முதல் தடவை நாங்கள் ஏலகிரிக்குப் போனது ஒரு மே மாதம். கையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய்க்குள் இணையத்தில் வாங்கிய டென்ட். உறையில் வாட்டர்ப்ரூஃப் என்று பெரிதாக எழுதியிருந்தது. இரவு பதினொரு மணிக்குக் கோடை மழை பிடித்தது. துணி தாங்கியது, தையல் தாங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஊசி ஏறிய ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துளி, கோத்த மணி மாதிரி வரிசையாகத் தொங்கியது. துண்டால் துடைத்தேன். கையை எடுப்பதற்குள் மறுபடியும் அதே வரிசை. சின்னவள் போர்வை நனைந்து நடுங்க ஆரம்பித்தாள். விடியும்வரை நாலு பேரும் காரில் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் டென்ட் வாங்கும்போது முதலில் மேல் கவரை, அதாவது மழைக்காக டென்ட்டின் மேல் போர்த்தும் துணியை, உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்.

[காட்சி: மேல் கவரின் உள்பக்கம், தையல் மேல் ஒட்டிய பளபளப்பான பட்டை.]

தையல் ஓடும் இடமெல்லாம் இப்படி ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். விரலால் தடவினால் தெரியும். அது இல்லையென்றால், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் இறங்கும்.

அடுத்தது ஒரு எண். 1500 மி.மீ., 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம் தண்ணீர் நின்ற பிறகு துணி கசிகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 2000 என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். மேல் கவருக்கு 1500-க்குக் குறையாமல், முடிந்தால் 2000 பாருங்கள். தரைக்கு அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் மழைத்துளியைவிட நம் முழங்கால்தான் ஈரத்தரையில் பலமாக அழுத்தும். எண்ணே போடாத டென்ட்டை நான் வாங்க மாட்டேன்.

மேல் கவர் எதுவரை வருகிறது என்பதும் முக்கியம். சில டென்ட்களில் அது உச்சியில் வைத்த தொப்பி மாதிரி இருக்கும். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைக்கு அது உதவாது. கவர் தரையை ஒட்டி இறங்க வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் வலைத்துணிக்கும் நடுவே கையை விடும் அளவுக்கு இடைவெளியும் இருக்க வேண்டும். நாலு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடும். ஒரே அடுக்கு டென்ட்டில் அந்த நீர் நம் மேலேயே சொட்டும். இரண்டு அடுக்கு இருந்தால் வெளிக்கவரின் உள்பக்கமாக வழிந்து தரைக்குப் போய்விடும். மழையே பெய்யாத நாளில் விடியற்காலையில் டென்ட் நனைந்திருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டென்ட்டைத் தாங்கி நிறுத்தும் கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் நல்லது, விலை கூடும். குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு ஃபைபர் கம்பி போதும். விரிசல் விட்ட ஃபைபரை மட்டும் வெறும் கையால் தடவாதீர்கள், சிலாம்பு ஏறும்.

காசு மிச்சம் பிடிக்க வழி உண்டு. டென்ட்டோடு வரும் மெல்லிய முளைகள் இறுகிய தரையில் வளைந்துவிடும். விலை உயர்ந்தவற்றைத் தேட வேண்டாம். இரும்புக் கடையில் தடித்த கம்பியை ஒரு முனை வளைத்து வாங்கிக்கொள்ளலாம். அடிவிரிப்பு என்று தனியாக விற்பதும் தேவையில்லை, ஒரு தார்ப்பாய் போதும். அது டென்ட்டின் தரையைவிட நாலு விரல் உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உங்கள் முதுகுக்குக் கீழேயே கொண்டுவந்துவிடும். கீழே விரிக்கும் பாயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேல். மார்கழியில் கொடைக்கானல் தரை இழுக்கும் குளிரை எந்த டென்ட்டும் தடுக்காது. கோரைப்பாயோடு ஃபோம் பாயும் போடுங்கள். குளிருகிறதே என்று அடுப்பையோ கரியையோ மட்டும் உள்ளே கொண்டுபோகவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அப்புறம், நினைத்த காட்டில் டென்ட் அடிக்க முடியாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவதே குற்றம். தனியார் தோட்டங்களில் காசு கட்டித் தங்கும் முகாம்கள் இருக்கின்றன. முதல் தடவை அங்கேயே டென்ட் வாடகைக்கு எடுத்து ஒரு இரவு படுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

[காட்சி: மாடியில் டென்ட் நிற்கிறது. குழாயால் தண்ணீர் அடிக்கிறார்கள்.]

வாங்கியதும் மாடியில் நிறுத்தி, கால்மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து தையலைப் பார்க்கட்டும். கசிந்தால் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

ஊர் திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்ட்டைப் பையிலிருந்து எடுத்து நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் ஊர் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். எங்கள் டென்ட் இப்போது வீட்டு ஹாலில், இரண்டு நாற்காலி மேல் தொங்குகிறது. ஃபேன் ஓடுகிறது.