டியூப் லைட் அளவு சக்தியில மெட்ராஸைப் பாடவச்ச ரேடியோ!

[திரையில்: சுவரில் எரியும் பழைய டியூப் லைட்]

இந்த லைட்டைப் பாருங்க. நம்ம எல்லார் வீட்டு ஹால்லயும் எரிஞ்ச பழைய நாலடி டியூப். 40 வாட். சரி, இப்ப ஒரு கேள்வி. 1924-ல மெட்ராஸ்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க. அதோட டிரான்ஸ்மிட்டர் சக்தி எவ்வளவு இருக்கும்?

அதே 40 வாட்தாங்க!

நம்ம சென்னை வானொலியோட 720 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் 200 கிலோவாட். கணக்கு போட்டுப் பாருங்க, 5,000 மடங்கு. அந்தக் குட்டி ஸ்டேஷன் கதைதான் இன்னைக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கடைசிவரை பாருங்க.

வரலாற்றை வேகமா சொல்லிடறேன். 1924 மே 16, சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்குறாங்க. எழும்பூர்ல இடம். ஜூலை 31-ல ஒலிபரப்பு ஆரம்பம். லண்டன்ல பிபிசி தினசரி ஒலிபரப்பைத் தொடங்கினது 1922 நவம்பர்ல, அதாவது இருபது மாசம்தான் இடைவெளி! பம்பாயிலயும் கல்கத்தாவிலயும் 1923-லயே ரேடியோ கிளப்கள் வந்தாச்சு, அதனால நாமதான் இந்தியாவுலயே முதல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம கதையில வர்ற திருப்பம் அந்த ரெண்டு ஊருக்கும் கிடையாது.

அதுக்கு முன்னாடி, 40 வாட்ல அனுப்பினதை ஜனங்க எப்படிக் கேட்டாங்க? இதைச் சொல்லாம என்னால நகர முடியாது.

[மேசை மேல்: பிவிசி குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, ஒரு டயோடு, இயர்ஃபோன்]

இது நான் போன வாரம் கட்டின கிரிஸ்டல் ரேடியோ. பேட்டரி எங்கேன்னு தேடாதீங்க, கிடையாது. பிளக்கும் கிடையாது. மொட்டை மாடியில நீளமா ஒரு கம்பி, எர்த்துக்குப் போர் பைப்புல ஒரு கம்பி, அவ்வளவுதான்.

இந்த ரேடியோ பிடிக்கிறது ஏஎம்ங்கிற வகை ஒலிபரப்பை. ஏஎம்னா என்ன? கல்யாண வீட்டுல நாதஸ்வரம் கேட்டிருப்பீங்க. வித்வான் பக்கத்துல ஒருத்தர் ஒத்து ஊதிட்டிருப்பார். ராகம் எதுவா இருந்தாலும் அவர் அதே சுருதியை விடாமப் பிடிச்சிட்டே இருப்பார். ரேடியோ ஸ்டேஷன் அனுப்புற அலை அந்த ஒத்து மாதிரி, ஒரே சுருதி. இப்ப அந்த ஒத்து, சுருதி மாறாம, பாடகரோட குரலுக்கு ஏத்த மாதிரி பலமாவும் மெதுவாவும் ஒலிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதுதான் ஏஎம். சுருதி நிலையா நிக்குது, பலம் மட்டும் ஏறி இறங்குது. அந்த ஏற்ற இறக்கத்துலதான் பாட்டு உட்கார்ந்திருக்கு.

அதைப் பிரிச்செடுக்க, மின்சாரத்தை ஒரு பக்கமா மட்டும் விடுற பொருள் ஒண்ணு வேணும். நான் டயோடு போட்டிருக்கேன். அந்தக் காலத்துல கலீனான்னு ஈயத்தாதுக் கல். அது மேல மெல்லிசா ஒரு கம்பி நுனியை வச்சுத் தடவித் தடவி, சரியா வேலை செய்யற புள்ளியைக் கண்டுபிடிக்கணும். அந்தக் கம்பிக்குப் பேரே பூனை மீசை! மேசையை யாராவது இடிச்சா புள்ளி நகர்ந்துடும், பாட்டு போயிடும், மறுபடி முதல்லேருந்து தேடணும்.

ராத்திரி எட்டு மணிக்கு இயர்ஃபோனைக் காதுல வச்சேன். கரகரன்னு சத்தம். கம்பியை ஒரு சுத்து தள்ளி மாட்டினேன். ஒரு குரல் செய்தி வாசிச்சது. கரண்ட்டே இல்லாம! காதுல அதிர்றது எங்கேயோ ஒரு கோபுரத்துலேருந்து கிளம்பின சக்திங்க. உடம்பு சிலிர்த்துப் போச்சு. அப்புறம் இயர்ஃபோனை ஒரு பித்தளைச் சொம்புக்குள்ள போட்டேன். பக்கத்துல இருந்த அம்மாவுக்கும் கேட்டுச்சு. வீட்டுல செஞ்சு பாருங்க, குழந்தைங்களுக்கு அவசியம் காட்டுங்க.

சரி, கதைக்கு வருவோம். கிளப் அப்புறம் 200 வாட் வரைக்கும் வளர்ந்தது. ஆனா பணம் கட்டுப்படியாகலை. 1927 அக்டோபர்ல மூடிட்டாங்க. டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தாங்க.

இங்கதான் அந்தத் திருப்பம். பம்பாயிலயும் கல்கத்தாவிலயும் 1927-ல ஸ்டேஷன் தொடங்கின தனியார் கம்பெனி, 1930 மார்ச்ல திவாலாகுது. அதை அரசாங்கம் ஏத்துக்கிட்டது 1930 ஏப்ரல் 1. அதே ஏப்ரல் 1, இங்க மெட்ராஸ்ல கார்ப்பரேஷன் சொந்தமா ரேடியோவைத் தொடங்குது! குப்பை அள்ளுற, தெருவிளக்கு போடுற, குடிதண்ணி விடுற அதே கார்ப்பரேஷன்.

தினமும் சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஏழரை வரை நிகழ்ச்சி. கர்நாடக சங்கீதம், பேச்சு, கதை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத் தனி நேரம்.

ரேடியோ பெட்டி வாங்க வசதி இருந்தவங்க எத்தனை பேர்? அதனால மெரினாவுல, ஹைகோர்ட் பீச்சுல, பீப்பிள்ஸ் பார்க்குல, ராயபுரம் ராபின்சன் பூங்காவுல ஒலிபெருக்கி வச்சாங்க. டிக்கெட் இல்லை. சபா மெம்பரா இருக்க வேண்டாம். கடற்கரை மணல்ல துண்டை விரிச்சு உட்கார்ந்தா கச்சேரி உங்களுக்கு. என்னைக் கேட்டா இந்த ஊரு கார்ப்பரேஷன் செஞ்ச ரொம்ப அழகான காரியம் இதுதான்.

பீப்பிள்ஸ் பார்க்குலதான் அப்போ மிருகக்காட்சி சாலையும் இருந்தது. ஒலிபெருக்கியில ஆலாபனை, கூண்டுக்குள்ள சிங்கம்! நினைச்சுப் பார்க்கவே ஆசையா இருக்கு. ராபின்சன் பூங்கா தெரியும்ல? 1949 செப்டம்பர்ல திமுகவோட தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டுற மழையில நடந்ததே, அதே பூங்காதான். பின்னாடி மேடைப் பேச்சுக்குப் பேர் வாங்கின இடத்துல, அதுக்கு முன்னாடியே ஜனங்க கூடி நின்னு ஒலிபெருக்கி கேட்டிருக்காங்க.

எட்டு வருஷம் ஓடுச்சு. 1938 ஜூன் 16, ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸுக்கு வந்தது. முதல் நாள் திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை நாதஸ்வரம், டி.கே. பட்டம்மாள் பாட்டு. மறு வருஷம் திருச்சி.

ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ்ல வச்ச முதல் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட்னு நினைக்கிறீங்க? வெறும் 250! நம்ம கிளப்போட 200-லேருந்து ஒரு எட்டுதான்.

[திரையில்: சொம்புக்குள் இயர்ஃபோன்]

ராயபுரம், திருவல்லிக்கேணி, பெரியமேட்டுக்காரங்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க தாத்தா பாட்டி பூங்கா ரேடியோ பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா? எந்த மூலையில ஒலிபெருக்கி நின்னுச்சு, யாரு பாடிக் கேட்டாங்க, ஒரு வரியா இருந்தாலும் எழுதுங்க. பழைய ஃபோட்டோ பின்னாடி ஒலிபெருக்கிக் கம்பம் தெரிஞ்சா அனுப்புங்க. அந்த இடங்களுக்கெல்லாம் இந்தக் கிரிஸ்டல் ரேடியோவை எடுத்துட்டுப் போய், சாயங்காலம் சரியா அஞ்சரை மணிக்குக் காதுல வச்சுக் கேட்கப் போறேன்.