சப்டைட்டில் போட்டதும் 4கே படம் திணறுவது ஏன்?

அடுத்த கேள்வி. "ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 கணினியில் ஜெல்லிஃபின் (நம்மிடம் உள்ள படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்) நிறுவியிருக்கிறேன். 4கே எச்டிஆர் படம் டிவியில் நன்றாக ஓடுகிறது. சப்டைட்டில் போட்டதும் திணறுகிறது. சிபியு 100 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. கிராபிக்ஸ் கார்டு வாங்கட்டுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள், பணத்தைச் செலவழிக்காதீர்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சப்டைட்டில் இல்லாமல் ஓடுகிறதென்றால், உங்கள் டிவி அந்தக் கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அப்போது சர்வருக்கு, அதாவது ஜெல்லிஃபின் ஓடும் உங்கள் கணினிக்கு, கோப்பை அனுப்புவதைத் தவிர வேறு வேலையே கிடையாது.

ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த படங்களில் சப்டைட்டில் பெரும்பாலும் பிஜிஎஸ் வகையாக இருக்கும். அது எழுத்தாக இல்லாமல் சின்னச் சின்னப் படங்களாகவே வருகிறது. டிவி செயலிக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வரே ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்து, வசனத்தை அதன்மேல் பதித்து, மறுபடியும் சுருக்கி அனுப்ப வேண்டும். ஒரு 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். நொடிக்கு 24 ஃபிரேம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி பிக்சல்கள்! சிபியு திணறாமல் என்ன செய்யும்?

படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரான்ஸ்கோடிங், அதாவது இப்படி விரித்து மறுபடியும் சுருக்கும் வேலை, நடக்கிறதா, எதனால் நடக்கிறது என்று அதுவே சொல்லும். சப்டைட்டில்தான் காரணம் என்றால், அதே படத்துக்கு எஸ்ஆர்டி கோப்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அது வெறும் எழுத்து என்பதால் பெரும்பாலான டிவி செயலிகள் தாமே காட்டிவிடும்.

இருந்தாலும், வெளியூரிலிருந்து போனில் பார்க்க டிரான்ஸ்கோடிங் தேவைப்படத்தான் செய்யும். அதற்கென்றே இன்டெல் சிப்புகளில் 2011 முதல் குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் உங்கள் ஆறாம் தலைமுறையில் 8 பிட் நிற அளவுள்ள எச்இவிசி (4கே படங்களைச் சுருக்கப் பயன்படும் முறை) வரைக்கும்தான் அது முழுமையாகக் கைகொடுக்கும். எச்டிஆர் படங்கள் 10 பிட். அதற்கான வசதி ஏழாம் தலைமுறையிலிருந்துதான் சரியாக அமைந்தது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், கார்டுக்குப் பதிலாக இன்டெல் என்100 சிப் உள்ள ஒரு மினி பிசி வாங்குங்கள் என்பேன். வெறும் 6 வாட் வகைச் சிப் அது. இரவும் பகலும் ஓடுகிற சர்வருக்கு அதுதான் பெரிய விஷயம். ஜெல்லிஃபினில் குவிக் சிங்கைப் பயன்படுத்தத் தனிக் கட்டணமும் கிடையாது.

லினக்ஸில் டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வழியாக நிறுவுகிறவர்கள் 'டெவ்' கோப்புறைக்குள் இருக்கும் 'டிஆர்ஐ' என்ற கிராபிக்ஸ் சாதனத்தையும் கன்டெய்னருக்குள் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் அமைப்புகளில் குவிக் சிங்கைத் தேர்ந்தெடுத்தால், டிரான்ஸ்கோடிங் தேவைப்படும் படம் தொடங்கவே தொடங்காது.