படிக்கத் தெரியாத வரி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. வீட்டில் அதற்காகத் திட்டும் வாங்குகிறேன். ஆனால் ஒரு குடும்பம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறது என்று பார்க்க, இதைவிட நல்ல சான்று இல்லை.

நம் மொரீஷியஸ் பத்திரிகை எப்படி இருக்கும்? உச்சியில் பிள்ளையார், கீழே தமிழில் 'விநாயகர் துணை'. அப்புறம் அழைப்பு முழுக்கப் பிரெஞ்சு. அதே வீட்டார் போனில் கூப்பிட்டால், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் பேச்சுமொழியான கிரியோல். பதிவு அலுவலகப் படிவத்துக்கு ஆங்கிலம்.

ரோஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டுப் பத்திரிகையில் 'துணை' என்பது 'துனை' என்று விழுந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான், அவருக்கும் கண் மங்கல். சரி, அந்த வரியே விட்டுப்போயிருந்தால்? கட்டோடு அச்சகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும்! படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரி அங்கே இருந்தாக வேண்டும்.

1998 நோட்டு விவகாரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி என்பதே வழக்கம். அந்த ஆண்டு வந்த புது நோட்டில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே போனது. தமிழர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மீண்டும் அடித்தார்கள். கடையில் சில்லறை வாங்கும்போது தமிழ் எழுத்தைப் பார்த்தா எண்ணுகிறோம்? இல்லையே. 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்திலேயே கைவினைஞர்களாக வந்து இறங்கியவர்கள் நாங்கள் என்ற நினைப்பு அந்த வரிசையில் இருந்தது. அதனால்தான் கோபம். பத்திரிகையின் உச்சி வரியும் அதே ஜாதிதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதைப் பார்க்கலாம். முன்னோர் மொழி எது என்று ஒரு கேள்வி, வீட்டில் பேசுவது எது என்று இன்னொன்று. முதலாவதற்குத் தமிழ் என்றும் இரண்டாவதற்குக் கிரியோல் என்றும் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை, இரண்டும் அவர்தான்.

பெயர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் ராமசாமிகள் 'எஸ்' எழுத்தை இரண்டு முறை போடுவார்கள். ஒன்று போட்டால் பிரெஞ்சு வாய் அதை 'இசட்' ஆக்கிவிடும். நம் முத்துசாமிகளில் 'ஓ' இரண்டு போடுவது ஆங்கிலக் கணக்கு. 'ஓ, யு' போடுவது பிரெஞ்சுக் கணக்கு. உங்களுடையது எந்தக் கணக்கு என்று அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.