தாத்தாவுக்கு இருந்த மன உறுதி எனக்கு ஏன் இல்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஆகவே மற்றவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு இன்று முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் எழுதியிருக்கிறார்: "ஐயா, படுத்ததும் ஐந்து நிமிடம் என்று கைப்பேசியை எடுத்தால் நள்ளிரவு தாண்டித்தான் கீழே வைக்கிறேன். பசி இல்லாவிட்டாலும் பிரியாணி ஆர்டர் செய்கிறேன். சம்பளம் மாதத்தின் பாதியைத் தாண்டுவதில்லை. என் தாத்தா ஒரு சைக்கிள் வாங்க மூன்று வருடம் காசு சேர்த்தவர். அவருக்கு இருந்த மன உறுதி எனக்கு ஏன் இல்லை? அதை வளர்த்துக்கொள்ள ஏதாவது பயிற்சி உண்டா?"

பயிற்சி உண்டா என்று கேட்பதற்கு முன்பே தம்பி தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிட்டார். தாத்தாவிடம் இருந்த ஏதோ ஒன்று பேரனுக்கு வந்து சேரவில்லை, குறை முழுவதும் பேரனிடம் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை.

அந்தத் தாத்தாமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எத்தனை முறை சபலத்தோடு மல்லுக்கு நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பாதிப் பணத்துக்குச் சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கும் கடை அவருடைய ஊரில் அநேகமாக இருந்திருக்காது. இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தாலும், தோன்றியதோடு அது முடிந்துபோயிருக்கும். 1980-களில் சென்னைத் தொலைக்காட்சியில் திரைப்பாடல்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' வரும்வரை இருந்துதான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமையே அதை வரவழைக்க எந்தப் பொத்தானும் இல்லை. உரிமக் கட்டுப்பாடுகள் நிலவிய அந்நாளில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ, தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் எத்தனையோ. அதை இன்று பொறுமை என்று போற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் பற்றாக்குறை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்று கிடைத்த இடங்களில் அந்தத் தலைமுறையும் நன்றாகவே தடுமாறியது என்பதற்குச் சாராயக் கடையும் அடகுக் கடையும் சாட்சி.

தொடர்ந்து பார்ப்பவர்கள், "இதோ, தூரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிப்பீர்கள். சர்க்கரை நோயைப் பற்றிய உரையிலும் சொன்னேன், கடன் அட்டையைப் பற்றிய உரையிலும் சொன்னேன், இன்றும் அதையே சொல்லப் போகிறேன். மனத்தை மாற்றுவது கடினம். கைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றுவது எளிது.

மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாயை வைத்து நடத்திய சோதனையை உங்களில் பலர் அறிவீர்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வால்டர் மிஷெல் என்னும் உளவியலாளர், 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நான்கைந்து வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு அது. இப்போது வேண்டுமானால் ஒரு மிட்டாய். நான் வெளியே போய்த் திரும்பும்வரை இருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற செய்தியை நம்முடைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்கியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் அவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் பகுதிதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மிட்டாயைக் கண்ணெதிரே வைத்தபோது குழந்தைகள் விரைவில் தோற்றார்கள். கண்ணில் படாதபடி வைத்தபோது அதே வயதுக் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். கண்ணெதிரே இருந்தும் வென்ற குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயை முறைத்துப் பார்த்தவர்கள் அல்லர். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தமக்குள் பாட்டுப் பாடினார்கள். போரிட்டு வென்றதாக நாம் நினைக்கும் குழந்தை உண்மையில் போர்க்களத்துக்கே போகவில்லை.

புறாக்கூட இதைக் கற்றுக்கொள்ளும் என்றால் நம்புவீர்களா? 1974-ல் ஜார்ஜ் எயின்ஸ்லி என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிவப்பு விளக்கு எரியும்போது புறா அதைக் கொத்தினால் உடனே கொஞ்சம் தீனி. கொத்தாமல் சில விநாடி இருந்தால் கூடுதல் தீனி. புறாக்கள் அநேகமாக ஒவ்வொரு முறையும் கொத்திவிட்டன. பிறகு, சிவப்பு விளக்கு வருவதற்குச் சற்று முன்னதாக ஒரு பச்சை விளக்கை எரியவிட்டார்கள். அதைக் கொத்தினால் சிவப்பு விளக்கு அந்த முறை வரவே வராது. சில புறாக்கள் பச்சையைக் கொத்தக் கற்றுக்கொண்டன! சிவப்பைக் கண்டால் தாங்காது என்பது தெரிந்ததுபோல, அதைக் காணாமல் இருக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டன. புறாவுக்கு மன உறுதி என்று ஒன்று உண்டா, அதற்குப் பயிற்சி வகுப்பு நடத்த முடியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நம் வீட்டு மண் உண்டியல் இந்தப் பச்சை விளக்கின் வேலையைத்தான் செய்கிறது. காசு உள்ளே போகும், உடைக்காமல் வெளியே வராது. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் நம் பெண்கள் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணம், கணவர் கண்ணிலிருந்து ஒளிக்கப்பட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். தன் கண்ணிலிருந்தும் ஒளிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி, குறித்த தேதிக்கோ குறித்த தொகைக்கோ முன்னால் பணத்தை எடுக்கவே முடியாத ஒரு கணக்கை வாடிக்கையாளர்களுக்குத் தர முன்வந்தபோது, அவர்களில் 28 சதவீதம் பேர் அதை விரும்பி ஏற்றார்கள் என்று 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கூடுதல் வட்டி ஏதும் கிடையாது. கிடைத்தது பூட்டு மட்டுமே. பெண்களில் அந்தப் பூட்டை அதிகம் நாடியவர்கள் யார் தெரியுமா? இன்று என்று வரும்போது பொறுமை இழப்பவர்களாகச் சோதனையில் தெரியவந்தவர்கள்.

இப்போது மறுபக்கத்துக்கு வாருங்கள். நீங்கள் தூரத்தைக் கூட்டப் பார்க்கிறீர்கள். அதைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எதிரில் இருக்கிறார்கள். முன்பு இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்த வேண்டும். அந்த ஓர் அழுத்தத்தில், போதும், எழுந்து போவோம் என்று நினைப்பதற்கு ஒரு நொடி கிடைத்தது. 2006-ல் ஏஸா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய 'முடிவற்ற உருட்டல்', அதாவது விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடியாமல் வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு, அந்த ஒரு நொடியையும் எடுத்துவிட்டது. அதற்காக அவரே பின்னர் வெளிப்படையாக வருந்தினார். எப்போது பரிசு கிடைக்கும் என்பது நிச்சயமில்லாதபோதுதான் உயிரினங்கள் விடாமல் முயல்கின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் 1950-களிலேயே காட்டிவிட்டன. பத்துக் காணொளிகளில் ஒன்பது சுமாராக இருந்து ஒன்று சிரிக்கவைத்தால் நீங்கள் இன்னும் கொஞ்சம் உருட்டுவீர்கள். 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. காலி இடத்தை நிரப்ப மூன்று மாதம்கூட ஆகவில்லை. திருப்பூர்த் தம்பி படுக்கையில் தனியாகப் படுத்துக்கொண்டு, பல்லாயிரம் பொறியாளர்களின் உழைப்பை எதிர்த்து மன உறுதியால் வெல்லப் பார்க்கிறார். தோற்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. செயலிகள் வழியாகத் தரப்படும் கடனை வாங்கியவர், மனம் மாறினால் குறித்த கெடுவுக்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டிச் செலவையும் கட்டிவிட்டு அபராதமின்றி விலகலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்று தமிழ்நாடு கொண்டுவந்த விதிமுறை செல்லும் என 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது என்பது வேறு கதை. 'உங்கள் மனத்தைக் கட்டுப்படுத்துங்கள்' என்று அரசு அறிவுரை சொல்லவில்லை. அந்த ஐந்து மணி நேரத்துக்குக் கதவைச் சாத்தச் சொன்னது.

ஆகவே தம்பிக்கு என் பதில் எளியது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். உணவுச் செயலியில் சேமித்து வைத்திருக்கும் அட்டை விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு எண்களைத் தட்டச்சு செய்யும்போது பசி உண்மையா என்பது தெரிந்துவிடும். சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் போய்விடட்டும். அதன் காலம் ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டு ஆகாமல் முடிக்கவும் முடியாது. அந்த வசதிக் குறைவுதான் அதன் சிறப்பு.

கேள்விக்குப் பதில் இத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. தம்பி அதைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். காத்திருந்தால் கிடைக்கும் என்று நமக்குச் சொல்பவர் யார், அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர்தானா?

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் என்பவரும் அவருடைய சகாக்களும் மார்ஷ்மெல்லோ சோதனையைச் சிறிது மாற்றி நடத்தி, 2013-ல் அதை வெளியிட்டார்கள். 28 குழந்தைகள். மிட்டாயைக் காட்டுவதற்கு முன்னால், "கொஞ்சம் இரு, வரைவதற்கு இன்னும் நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பேருக்கு அவர் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லை" என்றார். அதன் பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் 3 நிமிடம். முதல் குழுவில் 14 பேரில் 9 பேர் கடைசிவரை இருந்தார்கள், இரண்டாவது குழுவில் ஒரே ஒருவர். இந்தப் பிஞ்சுகளுக்குள் சில நிமிடங்களில் மன உறுதி வளர்ந்தும் தேய்ந்தும் போய்விட்டதா என்ன? ஏமாந்த குழந்தை மிட்டாயை உடனே தின்றது அவசரபுத்தியால் அல்ல. அது சரியாகக் கணக்குப் போட்டது.

பின்னர் 2018-ல், 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு வேறு ஆய்வாளர்கள் பழைய கூற்றைச் சோதித்தபோது, காத்திருப்புக்கும் பின்னாளையப் படிப்புக்கும் உள்ள தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் குழந்தையின் தொடக்கநிலை அறிவுத்திறனையும் கணக்கில் கொண்டபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. மேடைப் பேச்சாளர்களின் காதுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். நகைச் சீட்டு ஒன்றில் மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டிவந்தார். மகளுக்குத் தோடு எடுக்க வேண்டிய நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு கையில் நான்கு காசு சேர்ந்தால் உடனே ஒரு பித்தளை அண்டாவோ வெள்ளிக் கொலுசோ வாங்கிவிடுவார். "அந்த அம்மாவுக்குக் கையில் காசு நிற்காது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவரை, காத்திருந்ததற்காகவே தண்டித்துவிட்டு, பிறகு அவருக்குப் பொறுமை இல்லை என்கிறோம். இந்த அநியாயத்தை நாம் குழந்தைகளிடம் அன்றாடம் செய்கிறோம். "சாப்பிட்டு முடி, கடற்கரைக்குப் போகலாம்" என்கிறோம்; சாப்பிட்டு முடித்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடுகிறது. "நல்ல மதிப்பெண் எடு, சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்றவர், எடுத்ததும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவைக்கிறார். பிறகு அதே பிள்ளை கைப்பேசியைக் கீழே வைக்க மறுக்கும்போது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று எனக்கு எழுதுகிறார். கைப்பேசி சொன்னதை அந்த நொடியே கொடுத்துவிடுகிறது, அப்பா கொடுப்பதில்லை. பிள்ளை யாரை நம்பும்?

வாக்கு மீறப்பட்டு நம்பிக்கை இழந்தவர் மீண்டும் காத்திருக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஆனால் அவருக்கு அறிவுரை பயன்படாது, கண்ணெதிரே நிறைவேறும் சின்னச் சின்ன வாக்குகள்தான் பயன்படும். 1989-ல் தருமபுரியில் தொடங்கித் தமிழகம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊன்றி நின்றதற்கு அவற்றின் கூட்டமும் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன் போயிற்று என்பதை எல்லோர் முன்னிலையிலும் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். இட்லிக் கடை அக்காவும் இப்போது ஒரு குழுவில் இருக்கிறார். தொடக்கத்தில் மற்றவர்கள் கட்டியதில் பாதிதான் கட்டினார். இந்த ஆண்டு முழுத் தொகையும் கட்டுகிறார். கணக்கு நோட்டை வாசித்து முடிக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாராம்.

அடுத்ததாக, அடகு வைத்த நகையை மீட்பது பற்றி மணப்பாறையிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். அதற்குப் போவோம்.